போஸ் கணக்கில் சேர்க்காத மோதல்



ஜனவரி 1 வந்தால் நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரு படம் சுற்றிவரும். நரைத்த முடி, கண்ணாடி, சத்யேந்திரநாத் போஸ். அவர் பிறந்தது 1894 ஜனவரி 1. படத்துக்குக் கீழே, ‘இவருக்கு நோபல் கொடுக்காமல் ஏமாற்றிவிட்டார்கள்’ என்று நாலு வரி. இந்த வருஷமும் எனக்கு நிறைய பேர் அனுப்பினார்கள். ஒருத்தன் மட்டும் ஒரு கேள்வி கேட்டான். கடைசி பெஞ்சில் இருந்து எனக்குத் தலைவலி கொடுத்தவன்தான், இப்போது வளைகுடாவில் வேலை. “சார், இவரு 1924-ல சொன்னத 1995-லதான் கண்ணால பாத்தாங்கன்னு போட்டிருக்கு. எழுபது வருஷம் என்ன செய்துட்டு இருந்தாங்க?”

அந்தக் கேள்விக்குத்தான் இந்த நீளப் பதிவு. மார்த்தாண்டம் சந்தைக்குப் போகிற அவசரத்தில் வாசிக்க வேண்டாம், ராத்திரி சாவகாசமாக வாசியுங்கள்.

1924-ல் போஸுக்கு 30 வயது. டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடர். ஒளித்துகள்களை எப்படி எண்ணுவது என்று ஒரு சிறு கட்டுரை எழுதியிருந்தார். ஒரே மாதிரியான இரண்டு துகள்களை ‘இது அவன், அது இவன்’ என்று பிரித்து எண்ணவே முடியாது என்று வைத்துக்கொண்டால், பிளாங்க்கின் வெப்பக் கதிர்வீச்சு விதி தானாக வந்து விழுகிறது என்று காட்டினார். ஜூன் 4-ந் தேதி அதை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். முன்பின் பழக்கம் இல்லாத மனிதர். ஐன்ஸ்டீன் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து அச்சுக்குக் கொடுத்தார். பிறகு அதே எண்ணும் முறையை அணுக்களுக்குப் பொருத்திப் பார்த்தார். போதுமான அளவு குளிர்ந்தால் ஒரு வாயுவின் அணுக்கள் கூட்டமாக மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் போய்ச் சேர்ந்து ஒரே அலையாக நடந்துகொள்ளும் என்று கணக்கு சொன்னது. இதுதான் போஸ்–ஐன்ஸ்டீன் செறிபொருள். இனி செறிபொருள் என்றே சொல்கிறேன்.

இதில் படம் அனுப்புகிறவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கணக்கில் துகளும் துகளும் மோதுவதே இல்லை. ஒளிக்கு அது சரி. இரண்டு டார்ச் வெளிச்சத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்துப் பாருங்கள், ஒன்றை ஒன்று இடிக்காமல் கடந்துபோகும். அணு அப்படி இல்லை. அணு இடிக்கும், இழுக்கும், தள்ளும், சிலசமயம் ஒட்டிக்கொள்ளும். போஸும் ஐன்ஸ்டீனும் ஒதுக்கி வைத்த இந்த மோதலைக் கட்டி மேய்க்கத்தான் எழுபது வருஷம் ஆயிற்று.

எந்த வாயுவையும் சும்மா குளிரவைத்தால் என்ன ஆகும்? திரவமாகும், அப்புறம் கட்டியாகும். மூன்று அணுக்கள் ஒரே இடத்தில் சந்தித்தால் இரண்டு ஒட்டிக்கொண்டு மூலக்கூறு ஆகிவிடும், மூன்றாவது மிச்ச ஆற்றலை வாங்கிக்கொண்டு பறக்கும். இப்படி ஒட்டி ஒட்டித்தான் எல்லாம் உறைகிறது. அதைத் தடுக்க ஒரே வழி, மூன்று பேர் சந்திக்கவே முடியாதபடி வாயுவை மெலிதாக்குவது. நாம் மூச்சுவிடும் காற்றைவிட ஏறக்குறைய லட்சம் மடங்கு நெரிசல் குறைவாக. ஆனால் அத்தனை மெலிதான வாயு செறிபொருள் ஆக வேண்டுமென்றால் கெல்வினில் கோடியில் சில பங்கு அளவுக்குக் குளிர வேண்டும். அதற்கு ஐன்ஸ்டீன் காலத்தில் கருவி கிடையாது.

1980-களில் லேசர் ஒளியால் அணுவை நிதானப்படுத்தக் கற்றுக்கொண்டார்கள் (அதற்கு 1997-ல் நோபல்). அதுவும் பாதி வழிதான். மீதி வழிக்கு நம் சாயாக்கடை உத்தி. ஆவி பறக்கும் சாயாவை ஊதினால் சூடான துகள்கள் ஆவியோடு போகும், மிச்சம் இருப்பவை தங்களுக்குள் மோதி வெப்பத்தைப் பகிர்ந்து முன்னைவிடக் குளிர்ந்த நிலைக்கு வரும். காந்தப் பொறியில் பிடித்து வைத்த அணுக்களையும் இப்படித்தான் குளிர்விக்கிறார்கள். சூடான அணுக்களை வெளியேவிடு, மிச்சத்தை மோதவிடு, திரும்பவும் வெளியேவிடு. ஆக, மோதல் நடந்தால்தான் குளிரும், தப்பான மோதல் நடந்தால் எல்லாம் போச்சு. நல்ல மோதல் நிறையவும் கெட்ட மோதல் கொஞ்சமாகவும் இருக்கும் அணு வேண்டும்.

அது எந்த அணு என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. எம்.ஐ.டி.-யில் கிளெப்னரும் கிரெய்டாக்கும் 1970-களிலிருந்து ஹைட்ரஜனோடு மல்லுக்கட்டினார்கள், அவர்களுக்கு 1998-ல்தான் கிடைத்தது. அமெரிக்காவில் போல்டர் ஊரில் கார்னெலும் வீமனும் ருபீடியம்-87 எடுத்தார்கள். 1995 ஜூன் 5-ந் தேதி, சுமார் 170 நானோகெல்வினில், ஏறத்தாழ 2,000 அணுக்கள் கொண்ட செறிபொருள் தெரிந்தது. சில மாதத்தில் எம்.ஐ.டி.-யில் கெட்டர்லே சோடியத்தில் காட்டினார். மூவருக்கும் 2001-ல் நோபல். போஸ் 1974-லேயே காலமாகிவிட்டார்.

ருபீடியம்-87 நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது ஓரளவு அதிர்ஷ்டம்தான். அந்தக் குளிரில் அணு நொடிக்குச் சில மில்லிமீட்டர்தான் நகரும். அறை வெப்பத்தில் அதே அணு நொடிக்கு சுமார் 300 மீட்டர் ஓடும். இவ்வளவு மெதுவாகப் போகும்போது அணுவின் அலைத்தன்மை பெரிதாகிவிடுவதால், இரண்டு அணுக்கள் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை ஏறக்குறைய ஒரே ஓர் எண் சொல்லிவிடும். அதற்குச் சிதறல் நீளம் என்று பெயர். அது நேர்க்குறி என்றால் அணுக்கள் ஒன்றை ஒன்று தள்ளும், எதிர்க்குறி என்றால் இழுக்கும். ருபீடியம்-87-க்கு நேர்க்குறி, அளவும் தோது. நியூட்ரான் இரண்டு குறைந்த ருபீடியம்-85-க்கு எதிர்க்குறி. செறிபொருள் கொஞ்சம் பெருத்தாலே தன் இழுப்பிலேயே உள்ளே சரிந்துவிடும். லித்தியம்-7-ம் அதே ஜாதி. அதில் ஆயிரத்துச் சொச்சம் அணுவுக்கு மேல் சேர்க்க முடியவில்லை. சீசியம் இன்னும் மோசம், மோதி மோதியே பொறியிலிருந்து வெளியேறிவிடும்.

இயற்கை கொடுத்த எண்ணோடுதான் குடித்தனம் நடத்த வேண்டுமா, அந்த எண்ணை நாம் மாற்ற முடியாதா? இங்கேதான் காந்தப்புலம் வருகிறது. நம் பாடநூலில் வாயு இயக்கக் கொள்கையில் மோதல் ஓர் அதிகாரம், காந்தம் வேறோர் அதிகாரம். ஒன்றை மற்றதோடு சேர்த்து ஒரு வரி கிடையாது.

விஷயம் இதுதான். ரோட்டில் எதிரெதிரே வரும் இரண்டு தெரிந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரமாக ஒரு சாயாக்கடை. கடைத்தளம் ரோட்டைவிட இருபது படி உயரத்தில் இருந்தால், தலையை ஆட்டிவிட்டு அவரவர் வழியில் போய்விடுவார்கள். தளம் ரோட்டு மட்டத்துக்கே இருந்தால், “வாடே, ஒரு சாயா” என்று உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள். அப்படித் தங்கிவிட்டு வந்ததால் அவர்கள் பிரிந்துபோகும் விதமே மாறிவிடுகிறது. ரோடு என்பது தனித்தனி அணுக்கள், கடை என்பது அவை சேர்ந்திருக்கும் மூலக்கூறு நிலை. ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். கடைக்குள் இருக்கும் ஜோடியின் காந்தத் திறன் ரோட்டில் போகும் ஜோடியினுடையதிலிருந்து வேறுபட்டது. அதனால் வெளியிலிருந்து காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்தால் கடைத்தளம் ஏறும், இறங்கும். ரோட்டு மட்டத்துக்கு வரும் அந்தப் புள்ளியில் சிதறல் நீளம் எல்லையில்லாமல் பெருகும். தளம் ரோட்டைவிட மயிரிழை தாழ்ந்திருந்தால் அணுக்கள் பலமாகத் தள்ளும், மயிரிழை உயர்ந்திருந்தால் பலமாக இழுக்கும். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல் ஒரே திருகை வைத்துத் தள்ளலை இழுப்பாக்கலாம், இழுப்பைத் தள்ளலாக்கலாம், இரண்டும் இல்லாமல் பூஜ்யமாக்கவும் செய்யலாம்.

இதற்கு ஃபெஷ்பாக் ஒத்ததிர்வு என்று பெயர். ஹெர்மன் ஃபெஷ்பாக் எம்.ஐ.டி.-யில் இருந்த அணுக்கரு இயற்பியல்காரர். 1958-ல் அவர் எழுதியது நியூட்ரான் போய் அணுக்கருவில் முட்டுவதைப் பற்றி, குளிர் அணுக்களைப் பற்றி அல்ல. அவருக்கு முன்பே 1935-ல் இத்தாலியில் உகோ ஃபானோ இதே கருத்தின் இன்னொரு வடிவத்தைத் தொட்டிருந்தார். 1976-ல் ஸ்ட்வாலி காந்தப்புலத்தால் ஹைட்ரஜன் மோதலில் இப்படி ஒத்ததிர்வு வரும் என்றார். 1993-ல் நெதர்லாந்தில் ஐந்தோவன் ஊரிலிருந்து டீசிங்கா, வெர்ஹார், ஸ்டூஃப் மூவரும், சீசியத்தின் மோதலைக் காந்தப்புலத்தால் விருப்பம்போல் திருகலாம் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். அப்போது செறிபொருளே கிடையாது! ஆள் வருவதற்கு முன்பே சட்டை தைத்து வைத்ததுபோல.

கையில் செறிபொருள் வந்ததும் கெட்டர்லே குழு 1998-ல் சோடியத்தில் சோதித்தது. 907 காஸ் பக்கத்தில் சிதறல் நீளம் பத்து மடங்குக்கு மேல் மாறியது. அதே வருஷம் டெக்சாஸிலும் போல்டரிலும் ருபீடியம்-85-ல் பார்த்தார்கள்.

907 காஸ் எவ்வளவு என்று நமக்குத் தெரிய வேண்டாமா? நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ்தான். இதைச் சொல்லும்போது ஒரு பழங்கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், திருவனந்தபுரத்தில் மகாராஜா கட்டிய வானிலையத்துக்கு ஜான் ஆலன் ப்ரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தலைவராக 1852-ல் வந்தார். அங்கேயும், காட்டு யானை நடமாடும் அகத்தியர் மலை உச்சியிலும் கூடம் அமைத்து, காந்த முள் எந்தத் திசையில் எவ்வளவு நகர்கிறது என்று வருஷக்கணக்காகப் பதிவு செய்தார். காந்த நடுக்கோடு நம் பக்கமாகப் போவதால் வந்த மவுசு அது. 1963-ல் தும்பாவில் ராக்கெட் விட்டதற்கும் அதே காரணம். அகத்தியர் மலையில் சளி பிடித்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை எத்தனை பேர் நினைக்கிறோம்?

கதைக்கு வருகிறேன். இந்தத் திருகு கிடைத்ததும் கைவிட்ட அணுக்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. 2000-ல் போல்டரில் ருபீடியம்-85. புலத்தை வைத்துத் தள்ளலாக மாற்றிச் செறிபொருள் ஆக்கினார்கள். மறுவருஷம் அதே செறிபொருளில் திருகைச் சட்டென்று இழுப்புப் பக்கம் திருப்பினார்கள். அது உள்ளே சரிந்து, பிறகு வெடித்து அணுக்களைச் சிதறடித்தது. விண்மீன் வெடிப்பை நினைத்து அதற்கு ‘போஸ்நோவா’ என்று பெயர் வைத்தார்கள். நம் ஆளின் பெயர் வெடிக்கும் இடத்திலும் இருக்கிறது, அந்தப் படத்தில் இதையும் சேர்க்கலாம்.

சீசியம்தான் ரொம்ப அழவைத்தது. அதை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஒரு நொடி என்பதே சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் என்றுதான் உலகம் வரையறுத்திருக்கிறது. 1993-ல் கிப்பிளும் சூவும் லேசரால் குளிர்வித்த சீசியத்தை அளந்து, அணுக்கள் ஒன்றோடொன்று மோதுவதாலேயே கடிகாரத்தின் அதிர்வெண் நகர்கிறது என்று காட்டினார்கள். ‘இதெல்லாம் எதற்குப் பிரயோஜனம்’ என்று கேட்கும் அத்தான்மார் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கவும். 2002-ல் ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக்கில் ருடால்ஃப் கிரிம் குழு சீசியத்தை மடக்கியது. அவர்கள் அணுக்களைக் காந்தத்தால் பிடிக்காமல் லேசர் ஒளியாலேயே பிடித்து வைத்தார்கள். காந்தத்தைப் பொறிக்குச் செலவழித்துவிட்டால் அதைத் திருகாக இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. ஒளி அணுவைப் பிடித்துக்கொண்டதால் காந்தம் சும்மா ஆனது, அதை மோதலைத் திருத்த வைத்துக்கொண்டார்கள். இந்த வேலைப் பங்கீடுதான் இந்த வரலாற்றிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை.

நோபல் கொடுக்கவில்லை என்று வருத்தப்பட ஆள் வேண்டுமென்றால் டெபோரா ஜின்னைச் சொல்வேன். போஸ் எண்ணிக்கைக்கு அடங்காத, ஒரே நிலையில் இரண்டு பேர் இருக்கவே சம்மதிக்காத ஃபெர்மியான் வகை அணுக்களை எடுத்தவர் அவர். பொட்டாசியம்-40. காந்தத்திருகால் அவற்றை ஜோடி ஜோடியாக்கி 2003-லும் 2004-லும் காட்டிய முடிவுகள் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தன. 2016-ல் புற்றுநோயால் இறந்தபோது வயது 47. இறந்தவர்களுக்கு நோபல் கிடையாது. அவர் படம் எந்தக் குழுவிலும் வந்து நான் பார்த்ததில்லை.

நம் ஜில்லாவுக்கு ஒரு சின்னத் தொடர்பும் உண்டு. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டார். தோரியம், சீரியம் என்று நாம் படித்ததெல்லாம் அதில் உண்டு. மோனசைட்டில் அரிய மண் தனிமங்கள் கூட்டமாக இருக்கும், எர்பியமும் ரொம்பக் கொஞ்சமாக இருக்கும். அந்த எர்பியத்தை 2012-ல் இன்ஸ்ப்ரூக்கில் ஃபிரான்செஸ்கா ஃபெர்லைனோ குழு செறிபொருள் ஆக்கியது. இரண்டு வருஷம் கழித்துப் பூஜ்யத்திலிருந்து 70 காஸ் வரை திருகைத் திருப்பிப் பார்த்தால் ஏறக்குறைய 190 ஒத்ததிர்வுகள்! ஒரு காஸுக்குச் சுமார் மூன்று. ஒரு தெருவில் ஒரு சாயாக்கடை என்றிருந்தது போய், குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சிபோல் அடிக்கு ஒரு கடை. நம் தலைக்கு மேலே இருக்கும் பூமியின் 0.4 காஸே அங்கே கணக்கில் வந்துவிடும், அதைச் சரிக்கட்டாமல் வேலை நடக்காது. அந்த ஒத்ததிர்வுகள் அமைந்திருந்த இடைவெளியைப் பார்த்தால், கனமான அணுக்கருக்களுக்கு 1950-களில் விக்னர் சொன்ன குழப்பக் கணக்கோடு ஒத்துப்போயிற்று. ஃபெஷ்பாக் அணுக்கருவிலிருந்து கொடுத்த கடன் திரும்பவும் அணுக்கருக் கணக்கிடமே வந்து நின்றது.

காந்தம் மட்டும்தானா? ஒளியும் செய்யும். மோதும் ஜோடியை லேசரால் ஒரு மூலக்கூறு நிலையோடு இணைத்து விட்டால் சிதறல் நீளம் மாறும் என்று 1996-ல் ஃபெடிச்செவ், ககான், ஷ்ல்யாப்னிகோவ், வால்ராவன் சொன்னார்கள். 2000-ல் சோடியத்தில் பார்த்தார்கள், 2004-ல் ருபீடியம் செறிபொருளில் செய்தார்கள். நன்மை, ஒளியை நொடியில் போடலாம், அணைக்கலாம், வேண்டிய இடத்தில் மட்டும் அடிக்கலாம். தீமை, அணு ஒளியை விழுங்கிச் சூடாகி ஓடிவிடும். காந்தத்தையும் ஒளியையும் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும் என்ற கணக்கை நம் நாட்டிலேயே போட்டவர்கள் உண்டு. கொல்கத்தாவில் ராமன் 1928-ல் தன் விளைவைக் கண்ட அதே இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் பிமலேந்து தேப் இதில் வருஷக்கணக்காக உழைத்தவர்.

ராமன் 1948-ல் பெங்களூரில் தொடங்கிய ஆய்வு நிறுவனத்தில் சாதிக் ரங்வாலா குழு செய்தது இன்னொரு விதம். மின்னேற்றம் பெற்ற ருபீடியம் அயனிகளை அலையும் மின்புலத்தால் பிடித்து வைத்து, அதன் நடுவில் குளிர்ந்த ருபீடியம் அணுக்களை வைத்தார்கள். அலையும் மின்புலத்தில் அயனி ஒவ்வொரு முறை மோதும்போதும் புலத்திலிருந்து ஆற்றல் வாங்கிச் சூடாகும், அதனால் சம எடையுள்ள அணுவை வைத்து அயனியைக் குளிர்விக்க முடியாது என்பது பழைய எண்ணம். அணுக்கள் பொறியின் நடுமையத்தில் மட்டும் செறிந்திருந்தால் முடியும் என்று 2012-ல் அவர்கள் காட்டினார்கள், மையத்தில் மின்புலத்தின் ஆட்டம் மிகக் குறைவு. அதற்குமேல் ஒரு வேடிக்கை. ஓடிவரும் அயனி, நிற்கும் அணுவிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு அணுவாகி ஓடிவிடும், நின்றிருந்தது அயனியாகி நிற்கும். ஓடிவந்தவன் பையை நிற்பவன் கையில் கொடுத்துவிட்டு ஓடினால் பை நின்றுவிட்டது அல்லவா, அதுபோல. ஒரே மோதலில் சூடான அயனிக்குப் பதில் குளிர்ந்த அயனி. 2018-ல் இந்த வழியைத் தனியாக எடுத்து விளக்கினார்கள்.

மூலக்கூறுகளுக்கு வந்தால் மின்புலத்தின் குணம் இன்னும் கூர்மை. பொட்டாசியமும் ருபீடியமும் சேர்ந்த மூலக்கூறுக்கு ஒரு முனை நேர், ஒரு முனை எதிர். 2010-ல் ஜின்னும் ஜுன் யேயும் மின்புலத்தைக் கூட்டிப் பார்த்தபோது, மூலக்கூறுகள் மோதி அழியும் வேகம் இருமுனைத் திறனின் ஆறாம் அடுக்காக ஏறியது. அதாவது திறன் இரண்டு மடங்கானால் அழிவு 64 மடங்கு. எந்தப் புலத்தை வைத்து மோதலை அடக்கலாம் என்று நினைத்தார்களோ அதுவே தீயில் எண்ணெய் ஊற்றியது.

அதற்கு மாற்று மைக்ரோவேவ். சமையலறையில் இருக்கும் அதே வகை அலைதான். மூலக்கூறுகளின் மேல் அதைத் தகுந்த அதிர்வெண்ணில் பாய்ச்சினால், இரண்டு மூலக்கூறுகள் ஒட்டும் தூரத்துக்கு வருவதற்கு முன்பே ஒன்றை ஒன்று தள்ளிவிடும். 2021-ல் கால்சியம் ஃபுளோரைடு மூலக்கூறுகளில் இது பலித்தது. பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் வில் குழு, நெதர்லாந்தைச் சேர்ந்த டைஸ் கார்மனின் கணக்கை வைத்து, சோடியமும் சீசியமும் சேர்ந்த மூலக்கூறுகளை இரட்டை மைக்ரோவேவ் காவலில் வைத்தது. நம் சாயா ஊதும் உத்தியை அவர்களும் செய்தார்கள், காவல் இருந்ததால் நல்ல மோதல் மட்டும் மிஞ்சியது. சுமார் 5 நானோகெல்வினில் செறிபொருள் கிடைத்தது, இரண்டு நொடி நிலைத்தது. அந்தக் கட்டுரை வெளியானது 2024 ஜூன் மாதம், போஸ் டாக்காவிலிருந்து கடிதம் அனுப்பி சரியாக நூறு வருஷம்.